மூன்று செண்டில் எந்தக் கோழி மேயும்?

தற்சார்பு என்கிற சொல்லுக்கு இப்போது திருவண்ணாமலையில் நல்ல கிராக்கி. கிரிவலப் பாதையை ஒட்டியும் அதற்கு அப்பாலும் நிலம் வாங்கிப் போட்டிருக்கிற வெளியூர்க் கனவான்கள் முருங்கை நடுகிறார்கள். நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். வத்தல் காய வைக்கிறார்கள். காய வைத்ததைப் படம் எடுக்கிறார்கள். பிறகு நம்மைக் கூப்பிட்டு வைத்து வகுப்பும் எடுக்கிறார்கள். உங்கள் உணவை நீங்களே விளைவியுங்கள், சந்தையை நம்பாதீர்கள், பாட்டி காலத்துக்குத் திரும்புங்கள் என்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு கேள்வி. எங்கே விளைவிப்பது? யாருடைய பாட்டி காலத்துக்குத் திரும்புவது? அவர்கள் பாட்டிக்குக் கொல்லை இருந்தது, கிணறு இருந்தது, அந்தக் கொல்லையைக் கொத்த எங்கள் பாட்டியும் இருந்தாள். அவர்கள் திரும்பிப் போனால் திண்ணை இருக்கும். நாங்கள் திரும்பிப் போனால் ஆண்டை வீட்டுப் பின்வாசல்தான் இருக்கும்.

எங்கள் சேரியில் தற்சார்பு என்று யாரும் பேசினது கிடையாது. ஆனால் செய்தார்கள். எங்க ஆயா ஒரு பொட்டக்கோழியை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டத் தெரிந்தவள். நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபதிலிருந்து எண்பது முட்டைதான் இடும். அத்தனையையும் தின்றுவிட்டால் கோழி பெருகாது. அத்தனையையும் அடை வைத்துவிட்டால் அவசரத்துக்குக் கையில் முட்டை இருக்காது. எதை விற்பது, எதைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பது, எதை அடை வைப்பது என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருந்தாள். முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள், மிதந்தால் ஒதுக்கிவிடுவாள். ஒற்றைப்படையாகப் பதினொன்றோ பதிமூன்றோ எடுத்து, கூடையில் வைக்கோல் பரப்பி, இடி இடித்தால் கூமுட்டை ஆகாமல் இருக்க ஒரு இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு அடை வைப்பாள். இருபத்தோரு நாள். பத்துக் குஞ்சு பொரித்தால் பருந்துக்கும் கீரிக்கும் பூனைக்கும் போக ஐந்து தேறினால் பெரிய விஷயம்.

அந்தக் குஞ்சுகளுக்குத் தீவனம் காசு கொடுத்து வாங்கினதில்லை. உடைந்த பானையில் சாணியும் கந்தல் கோணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் மண்ணில் கவுத்து வைப்பாள். விடியற்காலை எடுத்தால் பானை பூராவும் கரையான். குஞ்சுகள் முண்டியடித்துக்கொண்டு பொறுக்கும். இன்றைக்கு இதையே புரதச்சத்துள்ள இயற்கைத் தீவனம் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். கோழி இல்லாதவள் பக்கத்து வீட்டில் வாரத்துக்கு வாங்கி வளர்ப்பாள். பொரித்த குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி கோழிக்காரிக்கு. இந்த வாரத்துக்கு எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. சேரிப் பெண்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் அது. எந்த வங்கியும் எங்கள் பெண்களை நம்பிக் கடன் கொடுக்காத காலத்தில் கோழிதான் அவர்கள் சேமிப்பு.

காய வைப்பதும் அப்படித்தான். பங்குனி, சித்திரை வெயில் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்படாத சொத்து. கத்திரி, கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி எல்லாம் உப்புப் போட்டுக் காயும். கூரைமேல் ஏறின சுரைக்கொடியில் ஒரு காயை முற்ற விட்டு, அதன் குடுக்கையிலேயே விதையைச் சாம்பல் கலந்து அடைத்து வைப்பார்கள். துவரைக்குச் செம்மண் கட்டுவார்கள். கேவுருப் பானைக்குள் வேப்பிலையும் நொச்சி இலையும் போடுவார்கள். மாட்டுக்கறி கிடைத்த நாளில் சேரி மொத்தமும் உப்புக்கண்டம் போடும். கொழுப்பை நீக்கிவிட்டு (கொழுப்பு இருந்தால் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும்), கறியை நீள நீளமாகக் கயிறு மாதிரி அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் கட்டித் தொங்க விடுவார்கள். காக்காய் ஓட்டுவதற்கு எங்களை மாதிரிப் பொடிசுகளை உட்கார வைப்பார்கள். நாலைந்து நாள் நல்ல வெயில் கிடைத்தால் கறி கட்டையாகிவிடும். பானையில் அடைத்து வேடு கட்டினால் மழைக்காலம் வரைக்கும் வரும்.

மழைக்காலம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கழனி வேலை கிடையாது. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. அந்தக் கார்த்திகையில்தான் 2,668 அடி உயர மலை உச்சியில் 3,500 கிலோவுக்கும் மேல் நெய் ஊற்றித் தீபம் ஏற்றுகிறார்கள். லட்சக்கணக்கான பேர் கீழே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நெய் மலைமேல் எரிகிற அதே நாளில் சேரியில் வத்தல் பானையைத் திறந்து, அடுத்த வேலை வரைக்கும் இது தாங்குமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நெய் என்று சொல்லும்போது சக்வாரா ஞாபகத்துக்கு வருகிறது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்துக் கிராமம். யாத்திரை போய் வந்த ஒரு தீண்டத்தகாதவர் தன் சொந்தச் செலவில் தன் ஆட்களுக்கு விருந்து வைத்தார். சாப்பாட்டில் நெய் பரிமாறினார். சாதி இந்துக்கள் தடியோடு வந்து அடித்து விரட்டினார்கள். 1936-ல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் இதைப் பதிவு செய்திருக்கிறார். நெய் யாரிடமும் திருடினதல்ல, காசு கொடுத்து வாங்கினது. நெய்யைத் தின்னும் தகுதி உனக்கு இல்லை என்பதுதான் அடித்தவர்களின் சட்டம். கல்லுக்கும் நெருப்புக்கும் உண்டு, உனக்குக் கிடையாது.

தமிழ்நாடு யோக்கியமா? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் புழங்கக் கூடாது என்பது அதில் ஒன்று. 1931 ஜூனில் அது பதினொன்றாகப் பெருகியது. சொந்த நிலம் வைத்திருப்பவன் அதை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. மழைத் தண்ணீரை நம்பி எதையாவது விளைவித்தால், விளைந்து அறுக்கிற பக்குவத்தில் அதைக் கொள்ளையடித்துவிட வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோகூட நிலம் உழக் கூடாது. இதையெல்லாம் ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்.

தோழர்களே, அந்தத் தடையை இன்னொரு தரம் படியுங்கள். மழையில் விளைந்ததைக்கூட ஏன் கொள்ளையடிக்க வேண்டும்? அந்த நாலு மரக்கால் தானியம் மிராசுதாருக்கு ஒரு பொருட்டா? கிடையாது. அதைத் தின்றுவிட்டு அவன் அடுத்த நாள் காலையில் வேலைக்கு வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். சேரியின் பானையில் தானியம் இருக்கக் கூடாது. பானை காலியாக இருந்தால்தான் ஆள் கழனிக்கு வருவான். பசியை ஒரு கங்காணியாக நிறுத்தி வைத்துத்தான் இந்த நாட்டில் விவசாயம் நடந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். கோழியும் கொல்லையும் வத்தல் பானையும் எங்களுக்குப் பொழுதுபோக்காகவோ ஆரோக்கிய வாழ்வாகவோ இருந்தது கிடையாது. ‘நாளைக்கு வேலைக்கு வர மாட்டேன்’ என்று சொல்வதற்கான முதல் அது. எங்க ஆயா இதை ஒரே வாக்கியத்தில் சொல்வாள்: “பானையில நாலு படி கேவுரும் கூடையில ரெண்டு கோழியும் இருந்தா, நாலு நாளு எவன் வூட்டு வாசல்லயும் நிக்க வாணாம்டி.”

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று எங்கள் ஆட்கள் நின்றார்கள். ஊர் கட்டுப்பாடு போட்டது. கழனியில் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, ஊர் வழியாக நடை கிடையாது. ஆம்பளைகள் கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள், டவுனுக்கு நடந்தார்கள். நாற்பது நாள் அடுப்பு எரிந்ததே, அது எதனால் எரிந்தது? மனுவினாலா? கேவுருக் கூழும் உப்புக்கண்டமும் முருங்கைக்கீரையும்தான் அந்தப் போராட்டத்தை நடத்தின. எங்கள் வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாகப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய் உப்பாகவும் மண்ணெண்ணெயாகவும் திரும்பி வந்தன. தோற்றுப் போய்க் காலில் விழுவார்கள் என்று காத்திருந்த ஊர்தான் கடைசியில் ஆள் அனுப்பியது, நடவுக்கு வரச் சொல்லி. அந்த நாற்பது நாளைப் பற்றி மேடையில் பேசுகிற யாரும் கோழியைச் சொல்வதில்லை. வேலைநிறுத்த நிதி என்றால் ரசீதுப் புத்தகமும் உண்டியலும்தான் ஞாபகத்துக்கு வரும் போலிருக்கிறது. எங்கள் நிதி கூடைக்குக் கீழே இருந்தது.

இது நம்ம ஊர் ஞானம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் என்கிற கறுப்பினப் பெண், பருத்திப் பண்ணையில் வேலை செய்தவர், 1962-ல் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யப் போனார். பண்ணை முதலாளி அவரை வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் துரத்தினான். ஓட்டுக் கேட்டால் சோறு போய்விடும் என்பதைக் கண்ணால் பார்த்த அந்த அம்மா, 1969-ல் நாற்பது ஏக்கரில் விடுதலைப் பண்ணை என்று ஒரு கூட்டுறவைத் தொடங்கினார். கறுப்பினக் குடும்பங்கள் அங்கே காய்கறி விளைவித்தன. பன்றி வங்கி என்று ஒன்றும் நடத்தினார். சினைப் பன்றியைக் குடும்பத்துக்குக் கொடுப்பது, ஈன்ற பிறகு அவர்கள் குட்டிகளில் இரண்டைத் திருப்பித் தருவது. நம்ம வாரம்தான்! குளிர்காலத்துக்குக் கீரையும் காயும் பதப்படுத்தி வைத்திருப்பவளை எவனும் மிரட்டிப் பணிய வைக்க முடியாது என்பது அவர் அரசியல். அதைத் தோட்டக்கலை என்று யாராவது சொல்வார்களா?

இப்போது புனித நகரத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் திருவண்ணாமலைக்கு வந்த அப்போதைய ஆளுநர் ஆர்.என்.ரவி, கிரிவலப் பாதையில் அசைவ உணவு விற்கப்படுவது பக்தர்களுக்கு வேதனை தருவதாகப் பேசினார். பதினான்கு கிலோமீட்டர் பாதை. அந்தப் பாதையில் குடியிருக்கிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள் எல்லாம் எதைத் தின்பது என்பதும் பக்தருடைய வேதனைக்குள் அடங்கிவிடுகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலைமலையாகச் சேருகிற எச்சில் தட்டை அள்ளுவது யாருடைய கை என்று எந்தப் பக்தரும் வேதனைப்பட்டதாகத் தகவல் இல்லை.

இது புதுசும் இல்லை. 1950-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு கோயில்களில் ஆடு, கோழி பலி கொடுப்பதைத் தடை செய்தது. ஆறு மாசம் வளர்த்த சேவலை மாரியாத்தாளுக்கு அறுத்துக் குழம்பு வைத்துச் சேரி மொத்தமும் சாப்பிடுவது குற்றமானது. தேர்தல் நெருங்கிய 2004-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. 2022 மே மாதம் பக்கத்து ஆம்பூரில் அரசே பிரியாணித் திருவிழா அறிவித்தது, மாட்டுக்கறி பிரியாணி மட்டும் கிடையாது என்றது. ஆம்பூரில்! பட்டியல் சாதியினர் ஆணையம் இது பாகுபாடு என்று நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது. தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை வரை வந்துவிட்டோம். மத்தியப் பிரதேசத்திலோ 2015-ல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கலாம் என்ற யோசனையை முதலமைச்சரே மறுத்தார். குழந்தையின் தட்டில் ஒரு முட்டை விழுவதற்குள் எத்தனை பேருக்குத் தீட்டு!

டவுனில் நான் வாடகைக்கு வீடு தேடினபோது கேட்ட முதல் கேள்வி சாதி இல்லை. “சைவமா?” என்பதுதான். சாதியை நாகரிகமாகக் கேட்கும் முறை அது. ஒரு வீட்டில் மாடியில் உப்புக்கண்டம் காய வைத்த வாரமே காலி பண்ணச் சொன்னார்கள். அதே தெருவில் நாட்டுக்கோழி முட்டை, செக்கெண்ணெய் எல்லாம் பிராய்லர் விலைக்கு மேலே இரண்டு மூன்று மடங்கு வைத்து விற்கிற கடை நன்றாக நடக்கிறது. எங்கள் கோழி வேண்டும், எங்கள் விதை வேண்டும், எங்கள் வத்தல் வேண்டும். நாங்கள் பக்கத்து வீட்டில் வேண்டாம்.

சரி, சேரியிலேயே இருந்துகொண்டு கோழி வளர்க்கலாமே என்பீர்கள். ஆதிதிராவிடர் நலத்துறை கிராமத்தில் கொடுக்கும் மனை மூன்று செண்டு. 1,306 சதுர அடி. அதில் ஒரு தொகுப்பு வீடு, ஒரு கக்கூஸ். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் பக்கத்தில் இன்னொரு அறை. அதோடு மனை முடிந்தது. முருங்கை எங்கே நிற்கும்? குப்பைமேடு எங்கே இருக்கும்? கோழி வாசலைத் தாண்டினால் தெரு, தெருவைத் தாண்டினால் ஊர்க்காரன் கொல்லி. அவன் மல்லாட்டையைக் கோழி கிளறினால் கல்லால் அடித்துக் கொன்று வீச அவனுக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் அபராதம், பஞ்சாயத்து, மன்னிப்பு. ஒரு கோழி வேலி தாண்டினதில் எத்தனை சேரிகளில் அடிதடி நடந்திருக்கிறது என்று உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள். மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி எல்லாம் யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். மூன்று செண்டு என்பது குடியிருக்கப் போதும், பிழைக்கப் போதாது. விடிந்தால் வேலைக்குப் புறப்பட்டுவிட வேண்டிய ஆளுக்கு அளந்து வைத்த அளவு அது.

செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்கீர் 1891-லேயே இதை எழுதினார். பறையருக்குக் குடியிருக்கிற மனையும் சொந்தமில்லை, மிராசுதாரை எதிர்த்தால் குடிசையும் போய்விடும் என்பதை அரசுக்கு எடுத்துச் சொன்னார். அதன் பிறகுதான் 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது, விற்றாலும் செல்லாது என்பது நிபந்தனை. இன்று அந்த நிலம் எங்கே? காரணையில் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நிலம் கேட்டால் குண்டு. நிலம் கேட்காமல் கோழி வளர்த்தால் பாராட்டு. 2011-ல் அரசு விலையில்லா ஆடு, மாடு கொடுத்தது. கொடுத்த ஆடு எங்கே மேயும் என்று அரசாணையில் ஒரு வரி இருந்திருந்தால் நானும் பாராட்டியிருப்பேன்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கோழி, வத்தல் என்று பேசினால் சில பேர் முகம் சுளிக்கிறார்கள். அண்ணல் கிராமத்தைச் சாக்கடை என்றாரே, நீ கிராமத்துக்குத் திரும்பச் சொல்கிறாயா என்கிறார்கள். நான் யாரையும் திரும்பச் சொல்லவில்லை. படியுங்கள், டவுனுக்குப் போங்கள், கடல் தாண்டியும் போங்கள். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 23 விழுக்காடு நம் மக்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்னும் அந்தச் சேரியில்தான் இருக்கிறார்கள். அதே அம்பேத்கர் 1947-ல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ ஆவணத்தில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே கேட்டார். ஒன்று, அரசுத் தரிசு நிலத்தில் பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகள். இரண்டு, சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கும் சட்டம். நிலம் இல்லாதவனை ஊர்க் கட்டுப்பாடு போட்டே சாகடிக்கலாம் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவதை 2015-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் ஓரளவுக்குக் கொண்டுவந்தது. முதலாவது அப்படியே கிடக்கிறது.

இதில் ஆம்பளைத் தோழர்களின் அலட்சியமும் சேர்ந்திருக்கிறது. கோழிக்காசு பொம்பளைக் காசு. அதனாலேயே அது கணக்கில் வராது, தீர்மானத்தில் வராது, வரலாற்றில் வராது. வெண்மணியில் 1968-ல் கூலி நெல் உயர்வு கேட்டு நின்றவர்களில் 44 பேரை எரித்தார்கள். அங்கேயும் கேள்வி பானையில் எவ்வளவு நெல் என்பதுதான். பானையை நிரப்புகிறவள் அரசியல் செய்யவில்லை என்று யார் சொன்னது?

2023 ஜனவரி 30-ஆம் தேதி இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் எண்பது வருஷமாக உள்ளே விடாத முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் போலீஸ் காவலோடு போனார்கள். பெண்கள் பொங்கல் வைத்தார்கள். நல்லது, போக வேண்டியதுதான். ஆனால் இப்படி ஒவ்வொரு படி ஏறும்போதும், போலீஸ் வேன் கிளம்பிப் போன மறுநாள் காலையில் அடுப்பு எதை வைத்து எரியும் என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற சேரிதான் இரண்டாவது படியும் ஏறும்.

ஆகவே தற்சார்பு வகுப்பெடுக்கும் பெருமக்களே, கோழி வளர்க்க எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். மூன்று செண்டைப் பத்துச் செண்டாக்கச் சொல்லி எங்களோடு வந்து கேளுங்கள். வளைத்துப் போட்ட பஞ்சமி நிலத்தையும் மேய்க்காலையும் மீட்கக் கேளுங்கள். கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் சேரிக் கோழி அத்தனையும் சாகிறபோது, தடுப்பூசி போடுகிறவர் ஊரோடு நின்றுவிடாமல் சேரித் தெருவுக்கும் வரக் கேளுங்கள். நீங்கள் வாங்கிப் போட்டிருக்கிற நிலம் யாருடைய பட்டாவாக இருந்தது என்று ஒருநாள் தாலுகா ஆபீஸில் போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

எங்கள் தோழர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த போராட்டத்துக்கு நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால், பெண்களை உட்கார வைத்து ஒரு கணக்கு எடுங்கள். எத்தனை பானையில் எத்தனை படி, எத்தனை கூடையில் எத்தனை கோழி, எத்தனை நாள் தாங்கும். அதற்குப் பிறகு தேதி குறிப்போம்.